நீள்நகமும் விழிவில்லையும்

நமது வங்கியின் எந்தக் கிளைக்குச் சென்றாலும் இன்று காணக்கூடிய ஒரு காட்சி உண்டு. பணம் செலுத்தும் சீட்டில் கையொப்பமிடும் இளம் வாடிக்கையாளரின் விரல்கள் பேனாவைச் சற்றே சாய்வாகப் பிடித்திருக்கும். விரல் நுனியைத் தாண்டி, பளபளவென்று வண்ணம் தீட்டிய செயற்கை நகங்கள் நீண்டிருக்கும். பணம் வழங்கும் இயந்திரத்தில் இரகசிய எண்ணை அழுத்தும்போது அவர்கள் நகத்தைப் பயன்படுத்துவதில்லை. விரலின் உட்சதையால் பக்கவாட்டில் அழுத்தப் பழகியிருப்பார்கள். அதே வாடிக்கையாளர்களுள் பலர் மூக்குக் கண்ணாடிக்குப் பதிலாகக் காண்டாக்ட் லென்ஸ் என்னும் விழிவில்லை அணிபவர்கள். இரண்டும் தனித்தனியே இருக்கும்வரை கவலைக்கு இடமில்லை. நகமும் வில்லையும் ஒரே கையில் சந்திக்கும் இடத்தைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

வங்கி அலுவலருக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சில ஆண்டுகளுக்கு முன் புனே நகரில் நாம் பொறுப்பேற்றிருந்த கிளையில், இருபத்தாறு வயதுப் பெண் அலுவலர் ஒருவர் பணியாற்றினார். ஆறு ஆண்டுகளாக விழிவில்லை அணிந்து வந்தவர். ஒரு நாளும் சிக்கல் நேர்ந்ததில்லை. தம்பியின் திருமணத்திற்காக முதன்முறையாகச் செயற்கை நகங்கள் பொருத்திக்கொண்டார். வரவேற்பு முடிந்து, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், களைப்போடு வில்லையைக் கழற்றும்போது வலக்கண்ணில் ஏதோ சுருக்கென்றது. தூசி என்று எண்ணி உறங்கிவிட்டார். மறுநாள் காலை முகூர்த்தம். நிழற்படங்கள் எடுக்க வேண்டும். உறுத்திய கண்ணிலேயே மீண்டும் வில்லையை வைத்தார். மாலையில் கண் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க இயலாமல் போயிற்று. மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர் கறுப்புக் கண்ணாடியோடு அலுவலகம் வந்தார். அது காலாண்டு முடிவு. அறிக்கையை முடித்து அனுப்பிவிட்டுப் பிற்பகலில் மருத்துவரிடம் போகலாமே என்று அவரிடம் சொன்னது நாம்தான். அவரும் மறுக்காமல் அமர்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டே எண்களைச் சரிபார்த்தார். பிற்பகலில் அவரைப் பரிசோதித்த கண் மருத்துவர், கருவிழிப் படலத்தில் புண் ஏற்பட்டு அதில் நுண்கிருமி தங்கிவிட்டது என்றார். அன்றிரவு தொடங்கி மணிக்கொரு முறை மருந்து. உறக்கத்திலும் எழுப்பி ஊற்ற வேண்டியிருந்தது. மூன்று வாரங்கள் விடுப்பு. பார்வை காப்பாற்றப்பட்டது. ஆனால் புண் ஆறிய இடத்தில் சிறு தழும்பு நின்றுவிட்டது. பகலில் அதனால் தொல்லையில்லை. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு அக்கண்ணில் சிதறித் தெரிகிறது என்பார். அந்த அரை நாள் முன்னதாகவே சென்றிருந்தால் எவ்வளவு மாறியிருக்கும் என்று யாராலும் அளந்து சொல்ல இயலாது. ஆயினும் அது நம் நினைவில் இன்னும் வரவு வைக்கப்படாத கணக்காகவே இருக்கிறது. இதன் பிறகே இப்பொருளைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்துகொள்ளத் தொடங்கினோம்.

ஒரே குடும்பத்துப் பொருள்கள்

நகமும் வில்லையும் வேதியியல் முறையில் உறவினர்கள் என்பது நமக்கு வியப்பளித்த செய்தி. செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, நீரை ஈர்த்து மென்மையாகும் ஒருவகைப் பிளாஸ்டிக்கை உருவாக்கிய ஆய்வாளர்களுள் ஒருவர். 1961ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் காலத்தில், சிறுவர்களின் கட்டுமான விளையாட்டுப் பொருளின் பாகங்களையும் மிதிவண்டி டைனமோவையும் கொண்டு தம் வீட்டிலேயே ஓர் இயந்திரம் அமைத்து, அதில் மென்வில்லைகளை வார்த்தெடுத்தார். அவ்வில்லைக்கு அடிப்படையான ஹெமா என்னும் மெத்தாக்ரிலேட் சேர்மம், இன்று அழகு நிலையங்களில் பயன்படும் ஜெல் நகப் பூச்சுகள் பலவற்றிலும் இடம்பெறுகிறது. அக்ரிலிக் நகமும் மெத்தாக்ரிலேட் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒன்று நீரை உறிஞ்சி மலரிதழ்போல் துவள்கிறது. மற்றொன்று இறுகிக் கூர்மை பெறுகிறது.

மென்வில்லையின் விட்டம் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர். நடுப்பகுதியின் கனம் 0.1 மில்லிமீட்டர் அளவே. நகத்தின் ஓரம் பட்டால் எளிதில் கிழியும். கிழிந்த வில்லையாவது மாற்றத்தக்கது. அது அமரும் கருவிழிப் படலத்தின் கனம் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதன் மேல்தோலோ அக்கனத்தில் பத்தில் ஒரு பங்குதான். அப்படலத்தில் குருதிக் குழாய்கள் கிடையா. தனக்கு வேண்டிய பிராணவாயுவைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே அது பெறுகிறது. நரம்பு முனைகளோ உடலின் வேறெங்கும் காண்பதற்கரிய அளவில் நெருக்கமாக அமைந்துள்ளன. ஆகவே சிறு கீறலும் பெருவலி தரும். கிருமி சேராத சிறு கீறல் ஒன்றிரண்டு நாட்களில், சில வேளை மூன்று நாட்களில், தானே ஆறிவிடும். கீறலின்மேல் வில்லையை அமர்த்தி மூடுவதே ஆபத்து. காற்றோட்டம் குறைந்து, கண்ணீரின் இயல்பான கழுவுதல் தடைப்பட்டு, நுழைந்த கிருமிக்கு அதுவே காவலாகிவிடுகிறது. நம் சக அலுவலருக்கு நேர்ந்ததும் அதுவே. நகம் கீறியதோடு நின்றிருந்தால் அது இரண்டு நாள் வேதனையாக முடிந்திருக்கும்.

நகத்தடியில் இருப்பவை

நகம் கீறும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது சுமந்து செல்லும் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட கைத்தூய்மை வழிகாட்டி, நோயாளிகளை நேரடியாகத் தொட்டுப் பணிபுரியும் மருத்துவப் பணியாளர்கள் செயற்கை நகம் அணியலாகாது என்றும், இயற்கை நகத்தின் நுனியும் 0.5 சென்டிமீட்டருக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. நன்கு கைகழுவிய பின்னும் செயற்கை நகத்தின் அடியில் கிருமிகள் எஞ்சியிருப்பதே காரணம்.

விரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வளர்கிறது. ஆகவே இரண்டு மூன்று வாரங்களில் செயற்கை நகத்திற்கும் அடித்தோலுக்கும் இடையே இடைவெளி தெரியத் தொடங்கும். ஓரங்கள் சில வேளை மேலெழும்பும். அவ்விடுக்கில் ஈரம் தங்குகிறது. அங்கே பசுமை நிறக் கறை ஒன்று தோன்றினால் அதை மருதாணியின் மிச்சம் என்றோ வண்ணப் பூச்சு என்றோ எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அது சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவின் வேலை. விழிவில்லை அணிவோருக்குக் கருவிழிப் புண்ணை உண்டாக்கும் கிருமிகளுள் முதன்மையானதும் அதுவே. அத்தகைய கறை கண்ட நாள் முதல், நகத்தை அகற்றி விரலுக்குச் சிகிச்சை பெறும்வரை கண்ணாடியே துணை.

இனி, நம் தொழிலைச் சார்ந்த ஒன்று. காசாளர் மேசையில் ரூபாய் நோட்டுகள் எத்தனை கைகளைக் கடந்து வருகின்றன என்பது நமக்குத் தெரியும். எண்ணும்போது விரல் நனைக்கும் பஞ்சுக் கிண்ணத்தின் நீர் காலையில் ஊற்றியதாகவே மாலைவரை இருக்கும். நாள் முழுவதும் பணம் எண்ணிய விரலோடு, பொதுப்பேருந்தின் கைப்பிடியைத் தொட்ட விரலோடு, வில்லையைத் தொடுவோர் நம்மிடையே உண்டு. நீள்நகம் இருந்தால் அந்த அழுக்கு ஒரு முறை கழுவியதும் போய்விடாது.

சமையலறையில் பச்சை மிளகாய் நறுக்குவோர் தனிக் கவனம் கொள்ள வேண்டும். மிளகாயின் காரப்பொருள் எண்ணெயில் கரைவது. வெறும் நீரில் எளிதில் போகாது. நகத்தடியில் மணிக்கணக்கில் தங்கும். காலையில் மிளகாய் கிள்ளிய விரலால் இரவு வில்லையைக் கழற்றியவர் பட்ட பாட்டை நேரில் கேட்டிருக்கிறோம். மிளகாய்ப் பொறுப்பைக் கணவரிடம் ஒப்படைப்பது நல்லதொரு தீர்வு என்று அவர் சொன்னார். நமக்கும் மறுப்பில்லை.

கழுவும் முறை

குழாய் நீரும் விழிவில்லையும் சேரவே கூடாது. மேல்நிலைத் தொட்டியில் தேங்கும் நீரிலும் நீச்சல் குளத்திலும் அகாந்தமீபா என்னும் ஒருசெல் உயிரி இருக்கக்கூடும். அதனால் உண்டாகும் கண்நோய் அரிது. வந்தால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். 1980களில் உப்பு மாத்திரையை நீரில் கரைத்து வீட்டிலேயே வில்லைத் திரவம் தயாரித்தவர்களிடையே அந்நோய் காணப்பட்டதும், அப்பழக்கம் கைவிடப்பட வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்தியதும் பதிவான செய்திகள். கையைக் கழுவக் குழாய் நீர் தேவைதான். கழுவிய பின் கை முழுதும் உலர்ந்திருக்க வேண்டும் என்பதே இங்கு விதி. நீள்நகம் உடையவர்களுக்கு இவ்விதி இருமடங்கு முக்கியம். நகத்தடியில் ஒரு துளி நீர் தொங்கிக்கொண்டே இருக்கும், வில்லையை எடுக்கும்போது அதன்மேல் சொட்டும்.

நறுமணமும் எண்ணெய்ப் பசையும் இல்லாத சோப்பு நல்லது. மென்மையான நகத் தூரிகை ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகத்தின் அடிப்பகுதியையும் நுரையோடு தேய்த்துக் கழுவ வேண்டும். பின்னர் கையைக் கீழ்நோக்கி உதறி, நூல் பிரியாத தூய துணியின் ஓரத்தால் நகத்தடியை ஒற்றியெடுக்க வேண்டும். துவாலையின் பஞ்சு நகத்தில் சிக்கினால் அடுத்ததாக அது கண்ணுக்குத்தான் போகும்.

அணிதலும் கழற்றலும்

சிமிழிலிருந்து வில்லையை நகத்தால் கிளறி எடுப்பதே கிழிசலுக்கு முதற் காரணம். சிமிழைச் சாய்த்துத் திரவத்தோடு உள்ளங்கையில் ஊற்றிக்கொள்வதே எளிது. கழுவும் தொட்டியின் வாயை முதலில் அடைத்துவிடுங்கள். எப்போதும் வலக்கண் வில்லையிலேயே தொடங்கினால் இடம் வலம் மாறாது. வில்லையின் ஓரம் கிண்ணம்போல் நேராக நின்றால் சரியான பக்கம். தட்டின் விளிம்புபோல் வெளியே விரிந்தால் உட்புறம் வெளியே திரும்பியுள்ளது.

குட்டை நகம் உடையவர் ஆட்காட்டி விரலின் நுனியில் வில்லையை ஏந்துவார். நீள்நகத்தோடு அது இயலாது. நுனிக்குச் சற்றுக் கீழே, உட்சதையின் நடுவில் வில்லையை அமர்த்துங்கள். விரலைக் கண்ணுக்கு நேராக ஈட்டிபோல் நீட்டாமல், முகத்திற்கு இணையாக நிறுத்துங்கள். உட்சதை விழியைப் பார்க்கட்டும், நகத்தின் முனை புருவத்தைப் பார்க்கட்டும். மறுகையின் விரற்சதையால் மேலிமையை உயர்த்திப் பிடித்து, அதே கையின் நடுவிரலால் கீழிமையைத் தாழ்த்தி, பார்வையை மேலே செலுத்தி, வில்லையை வெண்விழியின் கீழ்ப்பகுதியில் மெல்ல ஒட்டுங்கள். பிறகு பார்வையைக் கீழே இறக்கினால் வில்லை தானே நடுவில் அமரும். கருவிழியின் மேல் நேராக வைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

கழற்றுவதுதான் மெய்யான சோதனை. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் குவித்துக் கிள்ளி எடுப்பது நெடுநாள் பழக்கம். நீள்நகம் இருக்கையில் சதைகள் சந்திக்கும் முன் நகங்கள் சந்தித்துவிடும், அவ்விரு நகங்களுக்கும் இடையே இருப்பது கண். ஆகவே பழக்கத்தையே மாற்ற வேண்டும். வில்லை உலர்ந்திருந்தால், வில்லை அணிவோருக்கென்று விற்கப்படும் ஈரமூட்டும் சொட்டு மருந்தை விட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். கண் சிமிட்டும்போது வில்லை நகர்வதை உணர்ந்த பிறகே தொடுங்கள். மேலே பார்த்தபடி, விரற்சதையால் வில்லையைக் கருவிழியிலிருந்து கீழே வெண்விழிக்கு இழுங்கள். அங்கே இரு கைகளின் ஆட்காட்டி விரல்களையும் படுக்கைவாட்டில் வைத்து, சதைப்பகுதிகளால் இருபுறமிருந்தும் ஒதுக்கினால் வில்லை மடிந்து மேலெழும். மற்றொரு முறையும் உண்டு: இரு ஆட்காட்டி விரல்களின் சதையால் மேலிமையையும் கீழிமையையும் அவற்றின் விளிம்பருகே அழுத்தி, வில்லையின் ஓரங்களை நெருக்கினால் அது வெளியே வந்துவிடும். விரல் விழியைத் தொடுவதே இல்லை என்பதால் நீள்நகத்தார்க்கு இதுவே ஏற்றது என்பது நம் எண்ணம். கண் பரிசோதகரிடம் ஒரு முறை நேரில் பழகிக்கொள்வது நன்று. நகம் பொருத்திக்கொள்ளும் முன்பே, ஒரு வாரம் குட்டை நகத்தோடு இம்முறையைப் பயின்றால் இரவுக் களைப்பில் கை தடுமாறாது.

சிலிகான் முனை கொண்ட மென் இடுக்கிகளும் வில்லை ஏந்தும் குச்சிகளும் கடைகளில் கிடைக்கின்றன. சிமிழிலிருந்து எடுக்க அவை உதவும். விழியிலிருந்து எடுக்கும் கருவிகளைப் பயிற்சியின்றிக் கையாளலாகாது. விழியில் வில்லை இல்லாதபோது கருவி தொடுவது கருவிழியையே. கருவியும் திரவத்தால் கழுவி உலர்த்தப்பட வேண்டியதே. புருவம் திருத்தும் உலோக இடுக்கியை இதற்குப் பயன்படுத்தியவரும் உண்டு என்று அறிந்து திகைத்தோம்.

கழற்றிய வில்லையை உள்ளங்கையில் இட்டு, திரவம் விட்டு, விரலை நீட்டி உட்சதையால் முன்னும் பின்னுமாகத் தேய்க்க வேண்டும்; வட்டமாகச் சுழற்றினால் நகம் படும். சிமிழில் பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்றுவது பழைய கடனை மறைக்கப் புதுக் கடன் வாங்குவது போன்றது. முழுதும் கொட்டிவிட்டே நிரப்ப வேண்டும். காலையில் காலிச் சிமிழைத் திரவத்தால் அலசி, துடைத்து, கவிழ்த்து உலர்த்துங்கள். காசோலை எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதமே செல்லும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். சிமிழின் ஆயுளையும் அவ்வாறே கொள்ளுங்கள். மாத வில்லையின் ஆயுள் உறை பிரித்த நாளிலிருந்து எண்ணப்படுவது. அணியாத நாட்களைக் கழித்து நீட்டிக்க வழியில்லை. இந்த ஒரு கணக்கில் வணிகவியல் படித்தவர்களே அதிகம் தவறுகிறார்கள் என்பது நம் அனுபவம்.

விழாக் காலம்

திருமணப் பருவத்தில் மருதாணி, நகம், ஒப்பனை, வில்லை நான்கும் ஒரே வாரத்தில் கூடிவிடுகின்றன. மருதாணி இட்ட கை பல மணி நேரம் எதையும் தொட இயலாது. கண் உறுத்தினால் கழற்ற வேறொருவரைத் தேட வேண்டும். அக்குழம்பில் பலர் நீலகிரித் தைலமும் கலப்பார்கள். அன்று கண்ணாடி அணிவதே மேல். நகம் பொருத்தும் நாளிலும் அப்படியே. அராவும் தூசியும் பூச்சைக் கரைக்கும் அசிட்டோன் ஆவியும் வில்லையை அணிந்த கண்ணுக்கு ஆகாதவை. முக ஒப்பனைக்கு முன் வில்லை அணிந்து, ஒப்பனை கலைக்கும் முன் கழற்றிவிட வேண்டும். விழா நாட்களுக்கு மட்டும் ஒரு நாள் அணிந்து எறியும் வில்லையை வாங்கிக்கொள்வது நல்ல செலவு. தேய்த்தலும் சிமிழும் அதற்கு வேண்டியதில்லை. விழா வீட்டுக் கைப்பையில் பழைய கண்ணாடி ஒன்று இருக்கட்டும்.

வலி, சிவப்பு, ஒளிக்கூச்சம், மங்கல், சீழ் இவற்றுள் எது தோன்றினாலும் உடனே வில்லையைக் கழற்றி, அன்றைக்கே கண் மருத்துவரைக் காண வேண்டும். வில்லையையும் சிமிழையும் எறியாமல் எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்று கண்டறிய உதவும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் புண் முற்றிவிடக்கூடும். தாய்ப்பாலும் இலைச்சாறும் வேண்டவே வேண்டாம். கண்ணைக் கட்டி மூடுவதும் தவறு. பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் மருத்துவமனையில் தங்காமல் பெறும் சிகிச்சைக்கும், கண்ணாடி, வில்லை ஆகியவற்றின் விலைக்கும் இழப்பீடு கிடைப்பதில்லை. பத்திரத்தை ஒரு முறை படித்துப் பார்த்துவிடுங்கள். மேலாளர்களுக்கும் ஒரு சொல்: கறுப்புக் கண்ணாடியோடு வரும் ஊழியரிடம் அறிக்கையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அந்தப் பெண் அலுவலர் இப்போது வேறொரு நகரில் பணியாற்றுகிறார். சென்ற ஆண்டு ஒரு பயிற்சி வகுப்பில் சந்தித்தோம். ஓராண்டு கண்ணாடி அணிந்த பின், மருத்துவரின் இசைவோடு மீண்டும் வில்லை அணிகிறார். நகங்களும் மீண்டும் வந்துவிட்டன. உற்றுப் பார்த்தபோது, வலக்கையின் கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் மட்டும் நகம் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. மற்ற எட்டும் நீளமாகவே இருந்தன. கேட்பவர்களிடம் இது புதிய பாணி என்று சொல்லிவிடுவதாகக் கூறினார்.